டர்பனில் பழைய உலோகம் வாங்கி விற்க எந்தப் பதிவு, யாருக்கு?

என் மைத்துனர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். கையில் ஒரு பக்கி வண்டி (பின்புறம் திறந்த சிறிய சரக்கு வண்டி), ஓரளவு ரொக்கம், டர்பனின் சாட்ஸ்வர்த் குடியிருப்பில் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், ஒரு குழாயைத் தட்டிப் பார்த்தே பித்தளையா வெண்கலமா என்று சொல்லிவிடும் காது ஆகியவை அவருடைய முதலீடு. "பழைய சாமான் வாங்கி விற்கலாம்னு இருக்கேன் அத்தான், லைசென்ஸ் விஷயத்தை மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்காக நான் மூன்று மாதம் அலைந்தேன். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், அவர் முன் இருந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் 'லைசென்ஸ்' என்று சொல்வது நகராட்சி தரும் வணிக உரிமம் அன்று. அது தென்னாப்பிரிக்கக் காவல் துறை தரும் பதிவுச் சான்றிதழ். 1991ஆம் ஆண்டின் வணிகங்கள் சட்டப்படி உணவு விற்பவர்களும், சில வகைக் கேளிக்கை மற்றும் உடல்நலக் கூடங்களை நடத்துபவர்களும்தாம் உரிமம் பெற வேண்டியவர்கள். பழைய இரும்பு அந்தப் பட்டியலில் இல்லை. இதைப் படித்துவிட்டு, "நமக்கு உரிமமே தேவையில்லையாம்" என்று முடிவு கட்டியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பழைய உலோகத்தை ஆள்வது 2009ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டமாகிய பயன்படுத்திய பொருள்கள் சட்டம். 1955இலிருந்து நடப்பிலிருந்த பழைய சட்டத்தின் இடத்தில் 2012 ஏப்ரல் 30 அன்று இது நடைமுறைக்கு வந்தது. பயன்படுத்திய பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்யும் எவரும் வணிகர் என்று சொல்லும் இந்தச் சட்டம், பழைய உலோக வணிகரையும் அடகுக் கடைக்காரரையும் பெயர் சொல்லியே அதில் சேர்க்கிறது. பதிவு செய்யாமல் இத்தொழிலை நடத்துவது குற்றம். தண்டனை அபராதத்தோடு நின்றுவிடாமல் சிறை வரையிலும் போகலாம்.

நகராட்சியின் வேலையாக இருந்திருக்க வேண்டியதைக் காவல் துறையிடம் கொடுத்ததற்குக் காரணம் செம்பு. மின்வாரியத்தின் கம்பி, தொலைபேசிக் கம்பி, ரயில் பாதையின் மேல்நிலைக் கம்பி என எதுவும் இந்த நாட்டில் இரவு தாண்டுவது நிச்சயமில்லை. 2020இன் ஊரடங்கில் காவல் இல்லாமல் கிடந்த ரயில் நிலையங்கள் பல, கம்பி முதல் கூரை வரை உரிக்கப்பட்டன. இப்படித் திருடுபவர்களை ஜூலு மொழியில் 'இசின்யோகா', அதாவது பாம்புகள், என்கிறார்கள். அந்தப் பாம்புகள் கொண்டுவரும் சரக்கு முதலில் இறங்கும் இடம் சின்ன வியாபாரியின் தராசு என்பதே அரசின் கணிப்பு. அந்தக் கணிப்பு நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நாம் தேர்ந்தெடுக்கும் எந்த வழியும் அதன் நிழலில்தான் இருக்கும்.

முதல் வழி: வாங்காமல் சேகரித்து விற்பது

மைத்துனரின் முதல் எண்ணம் இதுதான். பக்கியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று கொடுக்கும் பழைய அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், கேட் கம்பி ஆகியவற்றை ஏற்றி, மாலையில் ஒரு பெரிய ஸ்கிராப் யார்டில், அதாவது பழைய உலோகக் கிடங்கில், இறக்கிப் பணம் வாங்குவது. இதில் வாடகை இல்லை, பதிவேடு இல்லை. யார்டுக்காரர் நம் அடையாள அட்டையின் நகல், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தம் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார். அவருடைய பதிவேட்டில் விற்பவராக இருப்பது நாம். அதனால் சரக்கில் ஏதேனும் வில்லங்கம் வந்தால் காவலர் தேடி வருவதும் நம் வீட்டுக்குத்தான்.

இந்த வழி எங்கே முறிகிறது என்றால், முதல் நோட்டைக் கையிலிருந்து நீட்டும் இடத்தில். 'சும்மா எடுத்துக்கொள்' என்று சொன்ன வீட்டுக்காரர், பக்கத்து வீட்டாருக்கு யாரோ ஐம்பது ராண்ட் கொடுத்ததைக் கேள்விப்பட்டதும், தாமும் கேட்பார். கொடுப்போம். நாளைக்கு நாமே கேட்டுக் கொடுப்போம். அந்த நிமிடத்திலிருந்து நாம் வாங்கி விற்கும் வணிகர். கடையென்று ஒன்று இல்லாமல் வண்டியிலேயே நடத்தினாலும் வணிகர்தான். பக்கியில் தொழில் நடத்துபவர்களில் பெரும்பாலோர் இந்தக் கோட்டைத் தாண்டியது தமக்கே தெரியாமல் தாண்டியவர்கள்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. 1955ஆம் ஆண்டின் 62ஆம் எண் பொதுச் சட்டத் திருத்தச் சட்டத்தில் 36ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நம்மிடம் இருக்கும் பொருள் திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் எழுந்து, அது எப்படி வந்தது என்பதற்கு நாம் திருப்தியான விளக்கம் தர முடியாவிட்டால், அதுவே குற்றம். அடுத்த 37ஆம் பிரிவு, விற்பவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமல் திருட்டுப் பொருளைப் பெற்றுக்கொள்வதைப் பற்றியது. ஆகவே சேகரிப்பவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது: எந்தத் தெரு, எந்த வீடு, யார் கொடுத்தார், என்ன கொடுத்தார். கட்டடம் இடிக்கும் இடத்திலிருந்து ஏற்றினால், உரிமையாளரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ இரண்டு வரிக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டியின் டாஷ்போர்டில் கிடக்கும் அந்தக் காகிதம், சாலைச் சோதனையில் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் உழைத்து, ஓய்வூதியத்துக்கு மேல் கொஞ்சம் வந்தால் போதும் என்பவருக்கு இது மிகப் பொருத்தமான வழி. குடும்பம் முழுவதும் இதை நம்பி இருக்கிறது என்றால் போதாது. யார்டு சொல்வதே விலை. பேரம் பேச நம்மிடம் எடையும் இல்லை, காத்திருக்கும் வசதியும் இல்லை.

இரண்டாம் வழி: இன்னொருவர் சான்றிதழின் கீழ் நடத்துவது

இதை யோசனையாகச் சொல்லாத உறவினர் இல்லை. "அவர்கிட்ட பேப்பர் இருக்கு, மாசம் ஏதாவது கொடுத்துட்டு அவர் பேர்ல போட்டுக்கோ" என்பார்கள். நம்மவர்களிடம் இது ஓர் உதவியாகவே கருதப்படுகிறது. என் மதிப்பீட்டில் நான்கு வழிகளிலும் மோசமானது இதுதான்.

சான்றிதழ் ஒரு வணிகருக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்படுவது. இரண்டாவது இடம் வேண்டுமானால் அவரே அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அவருடைய கடை தொழிற்பகுதியான ஜேக்கப்ஸில் இருக்க, நாம் சாட்ஸ்வர்த்தில் வீட்டுப் பின்புறத்தில் சரக்கு வாங்கினால், நம் சுவரில் மாட்டியிருப்பது வெறும் நகல். சோதனை வந்தால் நமக்குப் பதிவு இல்லை. அவருக்கோ தம் பெயரில் தாம் பார்க்காத சரக்கு. உதவி செய்யப் போனவரின் சான்றிதழும் சேர்ந்து போகும்.

இதன் நேர்மையான வடிவம் ஒன்று உண்டு. பதிவு பெற்ற யார்டில் வேலைக்குச் சேர்வது, அல்லது அவர்களுக்காக வெளியே போய்ச் சரக்கு பிடித்துக் கொடுத்துத் தரகு பெறுவது. வாங்குதல் அவர்கள் இடத்தில், அவர்கள் தராசில், அவர்கள் பதிவேட்டில் நடக்கும். ஓராண்டு இப்படி இருந்தால் தரம் பிரிக்கக் கற்றுக்கொள்ளலாம். உலோகம் தெரிந்த என் மைத்துனருக்குக்கூட, மின்மோட்டாரின் உள்ளே செம்புச் சுருளா, செம்பு பூசிய அலுமினியச் சுருளா என்று சுரண்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது ஒரு யார்டில் நின்றுதான் தெரிந்தது.

மூன்றாம் வழி: சொந்தப் பெயரில் சிறு யார்டு

இங்கே 'பக்கெட் ஷாப்' என்று ஒரு சொல் புழங்குகிறது. தள்ளுவண்டிக்காரர்களிடமும் சாக்குப் பையோடு வருபவர்களிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து, பெரிய யார்டுக்கு மொத்தமாக விற்கும் சின்னக் கடை அது. ஊரில் நாம் காயலான் கடை என்போமே, அதேதான். இதற்குத் தேவையானது வணிகர் பதிவு.

விண்ணப்பத்தைக் கடை இருக்கும் பகுதியின் காவல் நிலையத்தில், இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். விண்ணப்பதாரரின் குற்றப் பின்னணி சரிபார்க்கப்படும். இடத்தை வந்து பார்ப்பார்கள். கிடைத்த சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். காலாவதி தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, நன்கு முன்கூட்டியே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இவையெல்லாம் பொறுமை இருந்தால் முடிகிற காரியங்கள். உண்மையான செலவும் சிரமமும் வேறு மூன்று இடங்களில் இருக்கின்றன: நிலம், பதிவேடு, ஏழு நாள்.

நிலம் என்பது நில வகைப்பாடு. சாட்ஸ்வர்த்தின் வீட்டுப் பின்புறம் குடியிருப்பு வகை. அங்கே இரும்பு குவிக்க நகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் இடம் கொடுக்காது. காவல் துறையின் சான்றிதழ் நகராட்சியின் அனுமதிக்கு மாற்றாகாது. நகராட்சி ஒப்புக்கொண்டாலும் காவல் துறையின் பதிவு தேவை. அண்டை வீட்டாரின் ஒரு புகார் போதும், கட்டிய வேலியையும் போட்ட கான்கிரீட்டையும் விட்டுவிட்டு வர. இதில் எனக்கு ஒரு தனி வருத்தமும் உண்டு. கிளேர்வுட் ஒரு காலத்தில் நம்மவர்கள் தோட்டப் பயிர் செய்து, கோயில் கட்டி வாழ்ந்த ஊர். சிவசுப்பிரமணியர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. சுற்றி இருந்த வீடுகளின் இடத்தில் லாரி நிறுத்தங்களும் கிடங்குகளும் வந்துவிட்டன. குடியிருப்புக்குள் தொழில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். சாட்ஸ்வர்த்தில் பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஜேக்கப்ஸ், மோபெனி, பீனிக்ஸ் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், பெரிய தொழிற்கூடத்தின் ஒரு மூலையை வாடகைக்குப் பிடிப்பதே சரி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்த மனையில் பழைய உலோகச் சேமிப்புக்கு அனுமதி உண்டா என்று நகராட்சியிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுவிட வேண்டும்.

பதிவேட்டைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஒரு குத்துவிளக்குதான் நினைவுக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் வீட்டுப் பூசையறையிலிருந்து ஐந்துமுகக் குத்துவிளக்கு ஒன்று களவு போயிற்று. அவருடைய பாட்டி காலத்து விளக்கு. அடிப்பீடத்தில் பழைய பற்றவைப்பு ஒன்று கட்டைவிரல் அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும். ஐந்து முகங்களில் ஒன்று சற்று உள்நோக்கி வளைந்திருக்கும். அக்கம்பக்கத்து யார்டுகளில் தேடிப் போனோம். முதல் யார்டின் பதிவேட்டில் அந்த வாரம் முழுவதும் 'பித்தளை, கலப்பு, 6 கிலோ', 'பித்தளை, கலப்பு, 11 கிலோ' என்று இருந்தது. குவியலோ ஏற்கெனவே லாரியில் போய்விட்டிருந்தது. இரண்டாவது யார்டில் இருந்த பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தைப் புரட்டி, "பித்தளை விளக்கு, 5 திரி, அடியில் ஒட்டு, 4.2 கிலோ" என்று அவர் கையாலேயே எழுதியிருந்த வரியைக் காட்டினார். விளக்கு பின்கட்டில், உடைந்த தண்ணீர்க் குழாய்களுக்கும் ஒரு சிங்க் மூடிக்கும் நடுவே, திரிமுகம் கீழாகக் கிடந்தது. கொண்டுவந்தவரின் அடையாள அட்டை நகல் அதே பக்கத்தில் பின் குத்தி இருந்தது. அவரே காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்.

சட்டம் கேட்பதும் இதைத்தான்: பொருளின் விவரம், வாங்கிய நாள், விற்றவரின் பெயர், அடையாள எண், முகவரி, தொடர்பு எண், அடையாள ஆவணத்தின் நகல். திருட்டுப் பொருள் என்றோ, விற்பவர் பொய்த் தகவல் தருகிறார் என்றோ சந்தேகம் வந்தால் காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் வணிகருடையது. காவலர் வந்து பதிவேட்டையும் சரக்கையும் பார்க்கலாம். 'கலப்பு, 6 கிலோ' என்று எழுதுவது எளிது. ஆனால் வில்லங்கம் வரும் நாளில் அந்த வரி நமக்குச் சாட்சி சொல்லாது. 18 வயது நிரம்பாத பையன்கள் சாக்கோடு வந்தால், எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடையாள அட்டை வீட்டில் இருக்கிறது என்பவரிடம், சரக்கையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லலாம்.

இந்தப் பதிவேட்டால் ஒரு லாபமும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்த வணிகர், வரிப் பதிவு இல்லாத உள்நாட்டவரிடம் பயன்படுத்திய பொருளை வாங்கிப் பணமும் கொடுத்துவிட்டால், கொடுத்த விலையில் 115இல் 15 பங்கை உள்ளீட்டு வரியாக, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியிலிருந்து, கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கு வரித்துறை கேட்கும் அத்தாட்சியும் விற்றவரின் அடையாளமும் பொருளின் விவரமும்தான். காவலருக்காக ஒழுங்காக எழுதியவர், அதே தாள்களை வைத்து வரியிலும் மிச்சம் பிடிக்கலாம். வரிப் பதிவின் வரம்பை எட்டாத சின்னக் கடைக்கு இது பொருந்தாது. எட்டும் நாள் வரும் என்று நினைப்பவர் முதல் நாளிலிருந்தே அந்த ஒழுங்கில் எழுதட்டும்.

இனி ஏழு நாள். வாங்கிய பொருளை, வாங்கிய வடிவிலேயே, ஏழு நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் விற்கவோ உருமாற்றவோ கூடாது. களவு கொடுத்தவர் தேடி வர அவகாசம் கொடுக்கும் விதி இது. அந்தக் குத்துவிளக்கைக் காப்பாற்றியதும் இதுதான். சின்ன வியாபாரியின் கழுத்தை இறுக்குவதும் இதுதான். கணக்குக்கு வசதியாக விலைகளை வைத்துப் பார்ப்போம். வாரத்துக்குச் செம்பு 150 கிலோ, கிலோ 100 ராண்ட் வீதம் 15,000, பித்தளையும் அலுமினியமும் சேர்த்து இன்னொரு 10,000, இரும்பு 5,000. ஆக வாரக் கொள்முதல் 30,000 ராண்ட். ஏழு நாள் விதிப்படி எந்த நேரத்திலும் இந்த 30,000 ராண்ட் கொட்டகையில் உறங்கிக்கொண்டிருக்கும். லாரி நிறையும்வரை காத்திருக்கும் நாள்களையும், பெரிய யார்டு பணம் அனுப்பும் நாள்களையும் சேர்த்தால், 45,000 ராண்டாவது இல்லாமல் இந்த அளவு வியாபாரத்தை நடத்த முடியாது. பாதி அளவில் தொடங்குகிறவருக்குப் பாதிப் பணம் போதும். பணமே இல்லாமல் சுழற்றலாம் என்று நினைப்பவர் மூன்றாம் நாளே விதியை மீறுவார்.

அந்த ஏழு நாளில் விலையும் அசையும். செம்பின் விலை லண்டன் உலோகச் சந்தையில் டாலரில் நிர்ணயமாகிறது. ராண்டின் மதிப்பும் தன் பங்குக்கு ஆடுகிறது. திங்களன்று வாங்கியது அடுத்த திங்களில் மலிந்திருந்தால் லாபம் முழுவதும் போகலாம். அதனால் சின்ன யார்டு வாங்கும் விலையில் அந்த ஒரு வாரத்துக்கான இடைவெளியை விட்டுத்தான் ஆக வேண்டும். விதியை மதிக்காத பக்கத்துக் கடைக்காரர் கிலோவுக்கு இரண்டு ராண்ட் அதிகம் கொடுப்பார். தள்ளுவண்டிகள் அங்கே திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனத்திடம் வேண்டும். என் கருத்தில் இந்தத் தொழிலுக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான். உலோக அறிவு இரண்டாவது.

எடை விஷயத்தில் ஒரு சொல். வாங்குவதற்கும் விற்பதற்கும் பயன்படும் தராசு 2014ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டத்தின் கீழ் வரும். சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்ற தராசாக இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் தொங்கு தராசு வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே.

நான்காம் வழி: உருமாற்றுவோர் பதிவு

செம்பு, அலுமினியம் போன்றவற்றை இச்சட்டம் கட்டுப்படுத்தப்பட்ட உலோகங்கள் என்று தனியே பிரிக்கிறது. அவற்றை உருக்கியோ அரைத்தோ வேறு வடிவாக்குபவர், வணிகர் பதிவுக்கு மேல் உருமாற்றுவோர் பதிவும் பெற வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் அதற்கான கருவியை வைத்திருப்பதே குற்றம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "சும்மா வாங்கிப் போட்டிருக்கேன், இன்னும் ஓட்டலை" என்பது சாக்காக எடுபடாது. கம்பியின் மேலுறையை நீக்கி அரைக்கும் சிறிய இயந்திரம், அலுமினிய டின்களை உருக்கும் சின்ன உலை ஆகிய எதையும் வாங்கும் முன், அதன் மாதிரி விவரத்தைக் காட்டி, இது எந்தப் பதிவின் கீழ் வருகிறது என்று காவல் நிலைய அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கத்தியால் உரித்த செம்பு புதுக் காசு போல மின்னும். எரித்து உரித்த செம்பு கறுத்து, நொறுங்கும் தன்மையோடு, தொட்டால் விரலில் கரி ஒட்ட, பிளாஸ்டிக் கருகிய வாடையோடு வரும். ஆங்காங்கே ஊதாவும் பச்சையுமாக ஒரு மினுமினுப்பு இருக்கும். மேலுறை எரிக்கப்பட்ட கம்பியை, விற்பவர் நியாயமான விளக்கம் தராத வரையில், வணிகரோ உருமாற்றுவோரோ வாங்கவே கூடாது என்று இந்தச் சட்டம் தனியாகச் சொல்கிறது. வீடு தீப்பிடித்தது என்பவர், அதற்கான காகிதத்தோடு வரட்டும். எரித்த கம்பியின் பின்னால் 2015ஆம் ஆண்டின் குற்றவியல் விவகாரத் திருத்தச் சட்டமும் நிற்கிறது. 2016 ஜூன் முதல் நடப்பில் உள்ள அச்சட்டம், இன்றியமையாத உள்கட்டமைப்பைச் சேதப்படுத்துபவருக்கும், அதற்குத் துணை போகிறவருக்கும் 30 ஆண்டு வரை சிறையும், நிறுவனமானால் 10 கோடி ராண்ட் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. கிலோ 100 ராண்ட் சரக்குக்காக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை.

உருமாற்றுவோர் பதிவு, மின்சாரம், புகை, கழிவு, தீயணைப்பு ஆகிய எல்லாவற்றையும் உடன் அழைத்துக்கொண்டு வரும். முதல் ஐந்து ஆண்டுகளில் ஒரு குடும்பம் எடுக்க வேண்டிய வழியாக இதை நான் பரிந்துரைக்கவில்லை. ஏழு நாள் கழித்துத் தரம் பிரித்துச் சுத்தமாக விற்றாலே, விலையில் கணிசமான பகுதி கைக்கு வந்துவிடும்.

சிறு யார்டைத் தேர்ந்தெடுப்பவரும் கழிவு மேலாண்மை விதிகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். 2013 நவம்பரில் அரசிதழில் வந்த பட்டியலின்படி, பொதுக் கழிவைத் தொடர்ந்து 100 கன மீட்டருக்கு மேல் சேமிக்கும் இடங்களுக்கும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் வண்டிகளைப் பிரித்துப் போடும் இடங்களுக்கும் தேசிய நெறிமுறைகள் உண்டு. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் கொண்ட ஒரு குவியல்தான் அந்த 100 கன மீட்டர். இரும்பை மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும் ஆசையுள்ளவர்கள் இந்த அளவை எளிதில் எட்டிவிடுவார்கள். பழைய வண்டி பேட்டரிகளில் காரீயமும் அமிலமும் இருப்பதால் அவை அபாயக் கழிவு. தொடக்கத்தில் தொடாமலிருப்பது நல்லது.

ஏற்றுமதியை ஒரு வழியாகச் சிலர் சொல்வதுண்டு. அது சின்னக் கடைக்கு உரியது அன்று. 2013 முதல், உள்நாட்டு ஆலைகளுக்குச் சலுகை விலையில் முதலில் கொடுக்க முன்வந்த பிறகே ஏற்றுமதி அனுமதி என்ற முறை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஏற்றுமதி வரி வந்தது. 2022 நவம்பர் 30 அன்று பழைய உலோகத்தில் பெரும்பகுதியின் ஏற்றுமதியையே தற்காலிகமாகத் தடை செய்து, பிறகு அந்தத் தடையை நீட்டித்தார்கள். இவையெல்லாம் பெரிய யார்டு நமக்குக் கொடுக்கும் விலையில் வந்து விடியும் என்பதால் செய்தியைப் படித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

என் மைத்துனருக்கு நான் சொன்னது இது. ஆறு மாதம் முதல் வழியில், காசு கொடுக்காமல் சேகரித்து விற்பது. அதே ஆறு மாதத்தில் மூன்றாம் வழிக்கான நிலம் தேடி விண்ணப்பிப்பது. சேகரித்ததில் வரும் பணத்தை ஏழு நாள் முதலுக்காக ஒதுக்குவது. அவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. வீட்டுப் பின்புறம் இருக்க வாடகை எதற்கு என்று கடைசிவரை கேட்டார். அவர் மனைவிதான், துருப்பிடித்த கேட் ஒன்று தன் கறிவேப்பிலைச் செடி மேல் சாய்ந்த அன்று, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாள்.

ஜேக்கப்ஸில் ஒரு பற்றவைப்புக் கூடத்தின் பின்மூலையை எடுத்தார். நினைத்ததைவிட அதிக மாதங்கள் கழித்துச் சான்றிதழ் வந்தது. தடித்த அட்டை போட்ட பதிவேட்டில் முதல் வரி ஒரு வியாழக்கிழமைக்கு உரியது: செம்புக் கீசர் உட்கலம், ஒன்று, பக்கவாட்டில் பற்றவைப்பு இரண்டு, 14 கிலோ. விற்றவரின் அடையாள எண்ணை இரண்டு முறை சரிபார்த்து எழுதியிருந்தார். ஓரத்தில் பென்சிலால், தமிழில், 'அடுத்த வியாழன் வரை தொடாதே' என்று இருந்தது.